சிற்றூர் இசையரங்கும் குழுப் பயணிகளின் செவிகளும்

பயணம் செய்வோர் பலர், பார்ப்போர் சிலர், கேட்போர் மிகச் சிலர். கண்ணுக்கு விருந்து தேடி ஊர்களைச் சுற்றிவரும் இக்காலத்தில், செவிக்கு விருந்து தேடிக் குழுவாகப் புறப்படுவோரும் இருக்கிறார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. ஐரோப்பாவில் இவ்வழக்கம் புதிதன்று. ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வாக்னர் 1876-ஆம் ஆண்டு தம் படைப்புகளுக்கென்றே ஓர் அரங்கைத் திறந்தார். இத்தாலியின் பெசாரோ, தன் மண்ணில் பிறந்த ரோசினிக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கிறது. பின்லாந்தின் சவோன்லின்னாவில் ஏரி நடுவே நிற்கும் பழங்கோட்டையே அரங்காகிறது. இவற்றுள் எதுவும் பெருநகரம் அன்று. ஆயினும் ஓபரா எனப்படும் இசை நாடகத்தை நாடி, உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் இவ்வூர்களுக்கு வருகிறார்கள்.

அப்படி வருவோரில் ஒரு பகுதியினர் தனித்து வருவதில்லை. இசையறிந்த ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, பதினைந்து இருபது பேர் சேர்ந்து வருகிறார்கள். விடுதி, உணவு, நுழைவுச்சீட்டு அனைத்தும் முன்னரே ஏற்பாடாகியிருக்கும். பகலில் ஊர்சுற்றல், மாலையில் விளக்கவுரை, இரவில் நாடகம், மறுநாள் காலைச் சிற்றுண்டியின்போது கலந்துரையாடல். இவ்வாறு மூன்று நான்கு நாள்கள் கழியும்.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இதற்குள் ஒரு பெரிய வினா அடங்கியிருக்கிறது. கலையைக் குழுவாகச் சென்று கேட்டறிய முடியுமா? ஒருவர் எடுத்துச் சொல்ல, நாற்பது செவிகள் ஒரே செவியாகச் சுருங்கிவிடாமல் கேட்க இயலுமா? அயர்லாந்தின் வெக்ஸ்போர்டு என்னும் சிற்றூரையும் அங்கு நடைபெறும் ஓபரா விழாவையும் உரைகல்லாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது பயன்தரும்.

ஊரும் விழாவும்

வெக்ஸ்போர்டு, அயர்லாந்தின் தென்கிழக்குக் கரையில், ஸ்லேனி ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்தது. மக்கள்தொகை ஏறத்தாழ 20,000. டப்ளினிலிருந்து வரும் தொடர்வண்டி ஆற்றங்கரையோரமாக ஓடி ஊரை அடைகிறது. துறைமுகச் சாலையின் விளிம்பிலேயே தண்டவாளம் செல்கிறது. தெருக்கள் குறுகலானவை. ஊரின் வானத்தில் முதலில் தெரிபவை இரண்டு ஆலயக் கோபுரங்கள். அவை 1850-களில் ராபர்ட் பியர்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் எழுப்பியவை. இரண்டும் ஒரே வடிவம், ஒரே உயரம். ஒரு பகுதியார்க்கு மற்றப் பகுதியார்மீது பொறாமை எழாதிருக்கவே இவ்வாறு கட்டினார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு. 1649-இல் கிராம்வெல்லின் படை சூறையாடிய ஊர் இது. 1798-ஆம் ஆண்டின் கிளர்ச்சியில் பெரும்பங்கு கொண்ட ஊரும் இதுவே. துயரமும் பிடிவாதமும் இதன் வரலாற்றில் சேர்ந்தே வந்திருக்கின்றன.

இத்தகைய ஊரில் ஓபரா எப்படி வேரூன்றியது? அரசனும் செல்வந்தனும் தந்த கொடையால் அன்று. 1950-இல் அவ்வூரில் இசைத்தட்டுகளைச் சுற்றி அமர்ந்து ஓபரா கேட்கும் ஒரு வட்டம் இருந்தது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் டாம் வால்ஷ் என்னும் மருத்துவர். அவ்வட்டத்தில் உரையாற்ற வந்தவர் காம்ப்டன் மெக்கன்சி. புதின ஆசிரியர், 1923-இல் ‘கிராமஃபோன்’ என்னும் இசை இதழைத் தொடங்கியவர். இசைத்தட்டோடு நின்றுவிடாமல், ஊரிலுள்ள பழைய அரங்கிலேயே ஓர் ஓபராவை நடத்திப் பார்க்கலாமே என்று அவர் தூண்டினார். வால்ஷும் அவரோடு மற்றொரு மருத்துவர், ஒரு விடுதி உரிமையாளர், ஓர் அஞ்சல்காரர் ஆகியோரும் அதனைச் செயலாக்கத் துணிந்தனர். 1951-ஆம் ஆண்டு பால்ஃப் என்னும் அயர்லாந்து இசையமைப்பாளரின் ‘தி ரோஸ் ஆஃப் காஸ்டீல்’ மேடையேறியது. 1832-இல் கட்டப்பட்ட ‘தியேட்டர் ராயல்’ அரங்கமாயிற்று. சேர்ந்திசைக் குழுவில் ஊர் மக்களே பாடினர்.

அன்று தொடங்கிய விழா இன்றளவும் தொடர்கிறது. 1962-இல் மிரெல்லா ஃப்ரேனியும் 1996-இல் ஹுவான் டியேகோ ஃப்ளோரெஸும் தம் இளமைக் காலத்திலேயே இம்மேடையில் பாடியவர்கள்; பின்னர் உலகப் புகழ் எய்தினர். பழைய அரங்கு 2005-ஆம் ஆண்டு விழாவோடு ஓய்வு பெற்றது. 2006-இல் ‘டூன் வூரே’ என்னும் பங்கு மன்றத்தில் விழா நடந்தது. ‘மரியாவின் கோட்டை’ என்பது அப்பெயரின் பொருள். பழைய அரங்கு நின்ற இடத்திலேயே புதிய அரங்கு 2008-இல் திறக்கப்பட்டது. அதன் பெருமன்றத்தில் இருக்கைகள் ஏறத்தாழ 770. உட்புறம் முழுவதும் வால்நட் மரப்பலகை. தெருவிலிருந்து நோக்கினால் வரிசை வீடுகளுக்கிடையே ஒரு வாயில் மட்டுமே தெரியும். தொலைவில் ஆற்றின் அக்கரையிலிருந்து நோக்கினாலோ இரு ஆலயக் கோபுரங்களோடு அரங்கின் மேற்கூடும் கூரைகளுக்கு மேலே எழுந்து நிற்கும்.

மறதிக்கும் காரணம் உண்டு

இவ்விழாவின் தனிச்சிறப்பு அதன் தேர்வு. எல்லாரும் அறிந்த ஓபராக்களை அது பெரும்பாலும் தொடுவதில்லை. உலகம் மறந்துவிட்ட, அல்லது ஒருபோதும் அறியாத படைப்புகளையே தேடி எடுத்து ஆண்டுதோறும் மேடையேற்றுகிறது. விழா நாள்கள் பல ஆண்டுகளில் நவம்பர்த் தொடக்கத்தைத் தொட்டு நிற்கின்றன. இறந்தோரை நினைவுகூரும் அம்மாதத்தின் வாயிலில், இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட இசை உயிர்பெற்று எழுவது ஒரு பொருத்தமே.

ஆனால் இங்கேதான் திறனாய்வாளன் விழிப்பாக இருக்க வேண்டும். மறக்கப்பட்டவை எல்லாம் மாணிக்கங்கள் அல்ல. குழுப் பயணங்களை ஏற்பாடு செய்வோர் ‘புதையல்’ என்ற சொல்லை மிக எளிதாக வழங்குகிறார்கள். நூறாண்டு மறதியைக் கண்டவுடனேயே அதனை அநீதி என்று தீர்ப்பிட்டுவிடுகிறார்கள். மறதிக்கும் காரணம் உண்டு. அக்காரணம் ஒவ்வொரு படைப்புக்கும் வேறுபடும்.

2025-ஆம் ஆண்டு விழாவின் மூன்று பெரிய நாடகங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, வெர்டியின் ‘ல துரூவேர்’. இது அவருடைய புகழ்பெற்ற ‘இல் த்ரொவத்தோரே’யை 1857-இல் பாரிஸ் அரங்குக்காக அவரே பிரெஞ்சு வடிவில் திருத்தி அமைத்தது. இது மறைந்து கிடந்ததற்குக் காரணம் குறைபாடு அன்று. புகழ்பெற்ற உடன்பிறப்பின் நிழல். இரண்டாவது, ஹேண்டலின் ‘டெய்டாமியா’. 1741-இல் லண்டனில் மூன்று முறை மட்டுமே நடிக்கப்பட்டு நின்றுபோனது. அவர் எழுதிய கடைசி இத்தாலிய ஓபரா அதுவே. அந்நகரில் இத்தாலிய ஓபராவின் மவுசு குறைந்துவிட்ட காலம் அது. அதே ஆண்டிலேயே ஹேண்டல் ‘மெசியா’வை இயற்றினார், அது 1742 ஏப்ரலில் முதன்முதலாக ஒலித்தது டப்ளினில். ஆக, ஒரு கதவு அடைபட்டதனால் மற்றொரு கதவு திறந்தது. மூன்றாவது, டீலியஸின் ‘தி மேஜிக் ஃபவுண்டன்’. 1890-களில் எழுதப்பட்டும் அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட மேடையைக் காணாதது.

நிழலால் மறைந்தது ஒன்று. காலம் மாறியதால் கைவிடப்பட்டது ஒன்று. பிறந்தும் அரங்கின் ஒளியையே காணாதது மற்றொன்று. இம்மூன்றையும் ஒரே தராசில் இட்டு, ‘ஆகா, அரிய புதையல்’ என்று வியப்பது இரக்கமாகலாம், திறனாய்வு ஆகாது. இறந்தோருக்காக மன்றாடுவது கடன். ஆனால் இறந்தோர் யாவரும் மாமனிதர் என்று கல்லறையில் எழுதிவைப்பது கடன் அன்று.

வழிகாட்டி எவ்வளவு பேசலாம்?

இனி வழிகாட்டியின் பணிக்கு வருவோம். உலகப் புகழ்பெற்ற ஒரு படைப்பைக் காணச் செல்லும் குழுவில் வழிகாட்டிக்கு இயல்பாகவே ஓர் உயர்ந்த இருக்கை கிடைத்துவிடுகிறது. அவர் பத்து முறை கண்டிருப்பார். மற்றவர் முதன்முறை காண்பர். வெக்ஸ்போர்டில் நிலைமை வேறு. நூறாண்டாக நடிக்கப்படாத நாடகத்தை வழிகாட்டியும் அன்றுதான் முதன்முறை அரங்கில் காண்கிறார். இசைச்சுவடியைப் படித்திருக்கலாம், ஏதேனும் ஒரு பழைய ஒலிப்பதிவைக் கேட்டிருக்கலாம். விளக்கு அணைந்து திரை உயரும் கணத்தில் அவரும் மற்றவர்களைப் போன்ற ஒரு கேட்பாளரே. குழுப் பயணத்திற்கு இவ்விழா தரும் பெரிய கொடை இதுவே. அறிந்தவர், அறியாதவர் என்ற இடைவெளி இங்கே பாதியாகக் குறைகிறது.

இக்கொடையைப் பலர் வீணடிக்கின்றனர். மாலை விளக்கவுரையில் கதையை முடிவுவரை சொல்லிவிடுகிறார்கள். எந்த இடத்தில் கண்ணீர் வர வேண்டும், எந்தப் பாடல் ‘உச்சம்’ என்பதையும் முன்னரே வகுத்துவிடுகிறார்கள். அதைக் கேட்டுச் சென்றவர் அரங்கில் இசையைக் கேட்பதில்லை. வழிகாட்டி சொன்ன இடம் எப்போது வரும் என்று காத்திருக்கிறார். வந்ததும் மனநிறைவோடு தலையசைக்கிறார். சரிபார்த்தலைக் கேட்டல் என்று எண்ணிக்கொள்கிறார்.

அப்படியாயின் விளக்கவுரையே வேண்டாவா? வேண்டும். மொழி தெரியாத நாடகத்துக்கு, மேடைக்கு மேலே ஓடும் மொழிபெயர்ப்பு வரிகள் மட்டும் போதா. இப்படைப்பு ஏன் மறைந்தது? இதற்கு எத்தகைய குரல்கள் தேவை? இக்காலத்தில் அக்குரல்கள் ஏன் அரிது? அரசர்க்கும் அரங்க முதலாளிக்கும் அஞ்சி இசையமைப்பாளர் எதை மாற்றினார்? இவற்றைச் சொல்லும் வழிகாட்டி கேட்பவருக்குக் கருவியைத் தருகிறார். எதை உணர வேண்டும் என்று சொல்பவரோ தீர்ப்பையே தந்துவிடுகிறார். கருவி கொடுப்பவர் ஆசிரியர். தீர்ப்பைக் கொடுப்பவர் கேட்பவரின் உரிமையைப் பறிப்பவர். இந்த வேறுபாட்டை உணர்ந்த வழிகாட்டிக்கு அரைமணி நேரம் போதும். உணராதவருக்கு இரண்டு மணி நேரமும் போதாது.

ரோசாவும் மணப்பூண்டும்

இவ்விழாவில் 1984-ஆம் ஆண்டு நடிக்கப்பட்ட ஓர் ஓபரா, நம் வினாவுக்கு விடையின் ஒரு பகுதியைத் தன்னுள் வைத்திருக்கிறது. மாஸ்னே இயற்றி, 1902-இல் மாண்டி கார்லோவில் முதன்முதல் மேடையேறிய ‘ல ழாங்ளர் த நோத்ர் தாம்’ என்பதே அது. நம் மொழியில் ‘அன்னையின் கழைக்கூத்தாடி’ எனலாம். ழான் என்னும் ஏழைக் கூத்தாடி பசியால் க்ளூனித் துறவு மடத்தில் சேர்கிறான். அங்கே ஒவ்வொரு துறவியும் மரியன்னைக்குத் தம் கலையைக் காணிக்கையாக்குகிறார். சிற்பி சிலை வடிக்கிறார், ஓவியர் தீட்டுகிறார், கவிஞர் எழுதுகிறார், இசைஞர் பண்ணமைக்கிறார். விரைவில் எவர் கலை உயர்ந்தது என்று பூசல் மூள்கிறது. ழானுக்கோ இலத்தீனும் தெரியாது, கலையும் தெரியாது. அன்னைக்குத் தரத் தன்னிடம் ஒன்றுமில்லையே என்று வருந்துகிறான்.

அவனைத் தேற்றுபவர் மடத்தின் சமையற்காரத் துறவி போனிஃபாஸ். ஏரோதின் வீரரிடமிருந்து தப்பி ஓடும் அன்னை, குழந்தையை மறைத்துக்கொள்ள ரோசாச் செடியிடம் இடம் கேட்டாள் என்றொரு கதையை அவர் பாடுகிறார். தன் எழில் ஆடை கறைபடும் என்று ரோசா மறுத்தது. சமையலுக்கு உதவும் எளிய மணப்பூண்டான சேஜ் செடியோ தன் இலைகளை விரித்துக் குழந்தைக்குத் தொட்டிலாயிற்று. அக்கதையைக் கேட்ட ழான் ஆலயத்தில் தனியே நுழைந்து, அன்னையின் சிலை முன் தனக்குத் தெரிந்த கூத்தையே ஆடுகிறான். கண்ட துறவிகள் தெய்வநிந்தை என்று சீறுகிறார்கள். சிலையோ ஒளிர்ந்து அவனை ஆசீர்வதிக்கிறது. அவன் உயிர் பிரியும் வேளையில், இப்போது தனக்கு இலத்தீன் புரிகிறது என்கிறான்.

கலைநோக்கில் இந்நாடகத்தில் குறைகள் உண்டு. இனிமை சில இடங்களில் திகட்டுகிறது. இரண்டாம் அங்கத்துத் துறவிகளின் பூசல் நகையாகத் தொடங்கி, முடிய வேண்டிய இடத்தைத் தாண்டி நீள்கிறது. இறுதி அற்புதத்தை இசை மிகையாகவே அலங்கரிக்கிறது. எனினும் சமையற்காரரின் பாடல் எளிமையின் எல்லையில் நின்று உள்ளத்தைத் தொடுகிறது. பெரிய பல்லிய இசைக்குழுவைக் கையில் வைத்திருந்தும் அதனை அடக்கிவைக்கத் தெரிந்தவர் மாஸ்னே என்பதற்கு அப்பாடலே சான்று.

வெக்ஸ்போர்டுக்கு இக்கதை இயல்பாகப் பொருந்துகிறது. பெருநகர அரங்குகள், புகழ் கறைபடும் என்று இடம் மறுத்த படைப்புகளுக்குத் தன் இலைகளை விரித்துக் கொடுத்தது இச்சிற்றூர். இன்றும் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் விழாவைத் தாங்குகிறார்கள். ஒருவருக்குப் பாடத் தெரியாது. இருக்கை காட்டத் தெரியும். ஒருவருக்கு இத்தாலியன் தெரியாது. பாடகரை நிலையத்திலிருந்து அழைத்துவரத் தெரியும். கடைக்காரர் தம் கடையின் முகப்பை அலங்கரிக்கிறார். மதுக்கடைகளில் பாட்டுப் போட்டி நடக்கிறது. இவை யாவும் ழானின் கூத்தே.

மொழி தெரியாமல் அரங்கில் அமரும் பயணிக்கும் இந்நாடகம் ஒரு சொல் வைத்திருக்கிறது. ழானுக்கு இலத்தீன் புரிந்தது பாடம் படித்ததனால் அன்று. தன்னிடம் இருந்ததை முழுமையாகக் கொடுத்ததனால். அறிவு குறைந்த கேட்பாளரும் முழுக் கவனத்தைக் கொடுத்தால் போதும். புரிதல் அதன் பின்னே வரும்.

தானியேல் இல்லாத ஊர்

மற்றொரு பகுதி விடை, 2005-இல் பழைய அரங்கின் கடைசி விழாவில் மேடையேறிய ‘சூசன்னா’வில் இருக்கிறது. அமெரிக்கரான கார்லைல் ஃப்ளாய்டு, இசை, உரை இரண்டையும் தாமே இயற்றி, 1955-இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதன்முதல் மேடையேற்றிய படைப்பு இது. கத்தோலிக்க விவிலியத்தின் தானியேல் நூலில் நாம் படிக்கும் சூசன்னாவின் கதையே இதன் மூலம்.

ஃப்ளாய்டு அக்கதையை டென்னசி மலைநாட்டின் ஒரு சிற்றூருக்கு மாற்றுகிறார். திருமுழுக்குக்கு ஏற்ற நீரோடையைத் தேடிச் செல்லும் திருச்சபை மூப்பர்கள், அங்கே குளித்துக்கொண்டிருந்த இளம்பெண் சூசன்னாவைக் காண்கிறார்கள். தம் இச்சையை ஒப்புக்கொள்ள மனமின்றி அவளைத் தீயவள் என்று தூற்றுகிறார்கள். மூப்பர் ஒருவரின் மகனான இளைஞன் லிட்டில் பேட், பெற்றோர் மிரட்ட, அவள் தன்னைக் கெடுத்தாள் என்று பொய் சொல்கிறான். ஊர் முழுவதும் ஒரே குரலாகிறது. பிளிட்ச் என்னும் போதகர் அவளை வெளிப்படையாக மனம் வருந்தச் சொல்கிறார்; அவள் மறுக்கிறாள். பின் அவரே அவள் வீட்டில் அவளைச் சீரழிக்கிறார். அவள் மாசற்றவள் என்பதை அப்போதே அறிந்து, அவளை மன்னிக்குமாறு ஊராரை வேண்டுகிறார். அதை எவ்வாறு அறிந்தார் என்று சொல்ல முடியாத அவருடைய சொல் எடுபடவில்லை. அண்ணன் அவரைச் சுட்டுக் கொல்கிறான். விரட்ட வந்த கூட்டத்தின் முன் சூசன்னா துப்பாக்கியோடு நின்று சிரிக்கிறாள். இறுதியில் தனியளாக நிற்கிறாள்.

அமெரிக்காவில் மெக்கார்த்தி காலத்துச் சந்தேகமும் காட்டிக்கொடுத்தலும் பரவியிருந்த நாள்களில் எழுந்த படைப்பு இது. நாட்டுப்புற மெட்டுகளையும் பக்திக் கூட்டத்துப் பாடல்களையும் ஃப்ளாய்டு கையாளும் திறம் பெரிது. நற்செய்திக் கூட்டத்துக் காட்சியில் சேர்ந்திசை இனிமையாகவே தொடங்குகிறது. அதே இனிமை மெல்ல மெல்ல ஒருத்தியை நெரிக்கும் கயிறாகிறது. இசையில் ஒரு தீய குறிப்பும் இல்லாமலே தீமையைக் கேட்கச் செய்தது அரிய செயல்.

விவிலியக் கதையில் இருப்பதும் இந்நாடகத்தில் இல்லாததும் ஒன்று: தானியேல். ஒரே சொல்லைச் சொல்லும் இரு முதியோரையும் அவ்விளைஞன் தனித்தனியே பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று கேட்கிறான். இருவரும் இரு வேறு மரங்களைச் சொல்லுகிறார்கள், பொய் உடைகிறது. அவன் புதுச் சான்று எதனையும் கொண்டுவரவில்லை. சேர்ந்து நின்ற குரல்களைப் பிரித்தான், அவ்வளவே. ஃப்ளாய்டின் ஊரில் அப்படிப் பிரித்துக் கேட்க ஒருவரும் இல்லை. அதனாலேயே அது வீழ்ந்தது.

குழுப் பயணிகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஓர் அப்பாவிப் பெண்ணின் வாழ்வோடு ஓர் இரவு நாடகத்தைப் பற்றிய கருத்தை ஒப்பிடுவது அளவில் பொருந்தாது. ஆயினும் கருத்து பிறக்கும் வழி ஒன்றே. நாடகம் முடிந்து விடுதிக்குத் திரும்பும் வழியில் ஒருவர், பெரும்பாலும் குரல் உயர்ந்தவர், ‘முதல் அங்கம் நீளம், கதாநாயகி அருமை’ என்கிறார். காலைச் சிற்றுண்டியில் வழிகாட்டி அதனைச் சற்றே மெருகேற்றிச் சொல்கிறார். நண்பகலுக்குள் இருபது பேரின் கருத்தும் அதுவாகிவிடுகிறது. ஊர் திரும்பிய பின் இருபது வீடுகளில் அதே இரு வரிகள் ஒலிக்கும். அவர்களுள் ஒருவர் நேற்றிரவு முதல் அங்கத்தில்தான் தம் வாழ்வில் கேட்ட மிக அழகிய இசையைக் கேட்டிருக்கலாம். அவர் வாய் திறக்கவில்லை. லிட்டில் பேட்டைப் போல் மற்றவர் சொன்னதையே தாமும் சொன்னார். ஓர் உண்மைச் சான்று அங்கே அழிந்தது.

கூட்டத்திற்கும் குழுவிற்கும் வேறுபாடு இதுவே. கூட்டத்தில் எல்லாரும் ஒரே மரத்தைச் சொல்வார்கள். குழுவில் ஒவ்வொருவரும் தாம் கண்ட மரத்தைச் சொல்வார்கள். அதன் பின்னரே ஒப்பிடுவார்கள்.

ஊராரின் இடம்

இன்னொரு குறையையும் மறைக்கலாகாது. குழுப் பயணிகள் சிற்றூருக்கு வருகிறார்களே தவிர ஊராரிடம் வருவதில்லை. தம் விடுதியில் உண்டு, தம் வழிகாட்டியோடு பேசி, தமக்கென ஒதுக்கிய வரிசையில் அமர்ந்து, தம்மவரோடு திரும்புகிறார்கள். அரங்கிலும் மாலை உடையின் மிடுக்கு மேலோங்கி நிற்கிறது. நுழைவுச்சீட்டின் விலை எளியோர் கைக்கு எட்டாதது. அஞ்சல்காரர் ஒருவர் நிறுவனராக இருந்த விழாவில், இன்று ஓர் அஞ்சல்காரர் தம் குடும்பத்தோடு வந்தமர முடியுமா என்ற வினா நியாயமானது.

ஊரின் பங்கு குறைந்துவரும் ஆபத்தை விழாவும் அறியும். 2001 முதல் சில ஆண்டுகள் அயர்லாந்து இசைக்குழுவுக்குப் பதிலாகப் பெலாரஸ் நாட்டு இசைக்குழு வரவழைக்கப்பட்டபோது கடும் விவாதம் எழுந்தது. பின்னர் விழாவுக்கென்றே ஓர் இசைக்குழு அமைந்தது. செலவு, தரம், உரிமை என்னும் மூன்றும் மோதும்போது எளிய விடை கிடைப்பதில்லை. மறுபுறம், கோடைச் சுற்றுலா முடிந்து மழையும் குளிரும் தொடங்கும் அக்டோபரில் விடுதிகளும் உணவகங்களும் நிறைவது இப்பயணிகளால்தான் என்பதையும் மறுக்க இயலாது. குழுப் பயணம் விழாவுக்குப் பொருள் தருகிறது. அது விழாவின் பொருளையே மாற்றிவிடாதிருக்க வேண்டும்.

எவ்வாறு செல்வது?

இத்தகைய பயணத்தை விட்டுவிடுக என்று சொல்ல நமக்கு மனமில்லை. ஓபராவை ஒருமுறையும் கண்டிராத ஒருவர், முதுமையில் துணையின்றி வாழும் ஒருவர், வெளியூரில் தனியே செல்லத் தயங்கும் ஒருவர் ஆகியோர்க்கு இப்பயணம் திறக்கும் கதவு பெரிது. இரவு நாடகத்தைக் கண்டபின் பேச ஒருவரும் இல்லாமல் அறைக்குத் திரும்பும் தனிமையைக் குழு போக்குகிறது. கலை பகிரப்படும்போதுதான் முழுமை பெறுகிறது. ஆகவே சீர்திருத்தமே நம் வேண்டுகோள்.

மூன்று இரவுகளில் ஓர் இரவேனும் விளக்கவுரை இல்லாமல் அரங்கில் நுழையட்டும்; அறியாமையும் ஒரு நல்ல ஆசான். நாடகம் முடிந்த இரவில் யாரும் தீர்ப்புரைக்க வேண்டா. மறுநாள் காலை ஒவ்வொருவரும் தாம் கண்டதை, தம் மனத்தில் நின்ற ஒரே ஓர் இடத்தை முதலில் சொல்லட்டும். வழிகாட்டி கடைசியில் பேசட்டும். சலிப்புற்ற இடத்தைச் சலிப்பு என்றே சொல்லும் துணிவும் அவருக்கு வேண்டும். நண்பகலில் ஊரின் ஆலயத்தில் நடைபெறும் இசையரங்குக்கும், மாலையில் ஊரார் பாடும் இடங்களுக்கும் இருவர் மூவராகப் பிரிந்து சென்று, இருக்கை காட்டுபவரோடும் கடைக்காரரோடும் நான்கு சொல் பேசட்டும். அவர்கள் தம் ஊரின் விழாவை எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டுவரும் மரபினர். எந்த விரிவுரையாளரும் தர முடியாத திறனாய்வு அவர்களிடம் உண்டு.

திறனாய்வு என்பது கற்றவர்க்கு மட்டும் உரிய தொழில் அன்று. தான் கேட்டதைத் தானே உணர்ந்து, அதைப் பொய்யின்றிச் சொல்லி, பிறர் கேட்டதற்கும் செவிகொடுப்பதே அதன் தொடக்கம். வெக்ஸ்போர்டின் இரு கோபுரங்களும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. ஆயினும் அவற்றின் மணிகள் ஒலிப்பது இரு வேறு இடங்களிலிருந்துதான். இரண்டையும் கேட்பவனுக்கே ஊரின் அகலம் தெரியும்.